சொதிக்கு எந்த ரின்: பெயர்பெற்ற தேங்காய்ப்பாலும் பேரங்காடித் தேங்காய்ப்பாலும்

இலண்டனுக்கு வந்த நாள் முதல் தேங்காய்ப்பால் விட்டு வைக்கும் குழம்பான எங்கள் வீட்டுச் சொதிக்கு, ஒரே நிறுவனத்தின் தேங்காய்ப்பால் ரின்னையே, அதாவது தகரப்பேணியையே, வாங்கி வந்தோம். பேரங்காடிகள் தங்கள் சொந்தப் பெயரில் விற்கும் ரின்கள் ஏறத்தாழப் பாதி விலைக்குக் கிடைத்தபோதும், மலிந்த ரின்னில் தண்ணீர்தான் இருக்கும் என்ற அம்மாவின் தீர்ப்பை மீறி நான் அவற்றை வாங்கியதில்லை. கடந்த ஓராண்டாக, சொதியை அடுப்பிலிருந்து இறக்கும் நேரத்தில் கெட்டியான முதற்பாலென்று விட்டது, பின்னர் பிழியும் நீர்த்த கப்பிப்பாலைப்போல ஓடக் கண்டு, முதலில் என் கைப்பக்குவத்தைத்தான் சந்தேகித்தேன்.

அந்தச் சந்தேகம் சமையலறை யன்னலோரத்தில் தீர்ந்தது. பச்சைமிளகாய்க் கன்று நட்டிருந்த பழைய ரின்னும் அதே நிறுவனத்தினுடையது. அதன் மங்கிய தாளில் தேங்காய்ச் சாறு 75 விழுக்காடு என்றிருந்தது. அன்று வாங்கி வந்த புதிய ரின்னிலோ 60. கொள்ளளவு அதே 400 மில்லிலீற்றர், தாளில் அதே தென்னை, விலை மட்டும் கூடுதல். 2025இல் இலங்கையிலேயே ஒரு தேங்காய் 200 ரூபாயைக் கடந்து விற்றதை அறிவேன்; ஆகவே விலையை உயர்த்தியதற்காக நான் குறைசொல்லவில்லை. விலையையும் உயர்த்தி, ஓசையின்றித் தண்ணீரையும் கூட்டியதே என் மனக்குறை.

அந்த விழுக்காட்டை மட்டும் நம்பி வாங்குவதும் சரியன்று. துருவிய தேங்காய்ப்பூவை எவ்வளவு தண்ணீர் விட்டுப் பிழிந்தார்கள் என்பதைத் தாள் சொல்வதில்லை. இரண்டாம் முறை பிழிந்ததும் சாறுதான். ஊட்டச்சத்து அட்டவணையில் உள்ள கொழுப்பின் அளவே நம்பத்தக்கது. பன்னாட்டு உணவுத் தர நெறியான கோடெக்ஸ், தேங்காய்ப்பாலுக்குக் குறைந்தது 10 விழுக்காடும், கொழுப்புக் குறைந்த வகைக்கு 5 விழுக்காடும் கொழுப்பு வேண்டும் என்கிறது. அது தானாகவே எந்த நாட்டையும் கட்டுப்படுத்தும் சட்டமன்று என்றாலும், கடையில் நின்று ஒப்பிடுவதற்கு நல்ல அளவுகோல். என் கையிலிருந்த பெயர்பெற்ற ரின்னில் 100 மில்லிலீற்றருக்கு 11 கிராம் கொழுப்பு இருந்தது. பேரங்காடி ரின்னில் 17 கிராம்.

இரண்டையும் ஓரிரவு குளிர்சாதனப் பெட்டியில் வைத்துத் திறந்தேன். பேரங்காடி ரின்னில் மேலே இரண்டு விரற்கடைக்குக் கெட்டியான பாலேடு திரண்டிருந்தது. செருகிய கரண்டி சாயாமல் நின்றது. மற்றது சுவருக்குப் பூசும் வெள்ளை மைபோல அடிமுதல் நுனிவரை ஒரே சீராக இருந்தது. அந்தச் சீர்மையைத்தான் இத்தனை நாளும் தரம் என்று நினைத்திருந்தேன். அது கொத்தவரை விதையிலிருந்து எடுக்கும் குவார் பசையும், கொழுப்பையும் நீரையும் பிரியவிடாத பால்மமாக்கியும் சேர்ந்து செய்த வேலை. பசை நாவில் வழுவழுப்பைத் தருமேயன்றித் தேங்காயின் இனிப்பைத் தராது. நீர்த்த பாலைக் கொழுத்த பாலாகக் காட்ட அது ஒரு வழி.

ஒரே அளவு வெங்காயம், பச்சைமிளகாய், வெந்தயம், மஞ்சளுடன் இரண்டு சட்டிகளில் சொதி வைத்துப் பார்த்ததில், வாசத்திலும் இனிப்பிலும் பேரங்காடிப் பாலே முந்தியது. ஆனால் அதற்கும் ஒரு குறை உண்டு: பசை சேராததால் கொதி சற்று மிஞ்சினாலும் பால் திரைந்துவிடுகிறது. முதற் சட்டியை அப்படித்தான் கெடுத்தேன். அடுப்பிலிருந்து இறக்கி, ஆவி அடங்கிய பின்னரே தேசிக்காய்ப் புளி, அதாவது எலுமிச்சைச் சாறு, விடவேண்டும். காரமான இறைச்சிக் கறிக்கு இரண்டில் எதை விட்டாலும் வேறுபாடு தெரியவில்லை.

பேரங்காடிப் பெயர் என்றாலே நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. அதே கடை கீழ்த்தட்டில் வைத்திருக்கும் மிக மலிந்த வகையில் கொழுப்பு 9 கிராமே; அதைக் கப்பிப்பாலுக்கு மட்டும் பயன்படுத்தலாம். இப்போது அன்றாடச் சொதிக்குப் பேரங்காடியின் நடுத்தர ரின்னை வாங்குகிறேன். விருந்தாளிகள் வரும் நாளில் தமிழ்க் கடையின் உறைந்த தேங்காய்ப்பூவை இளஞ்சுடுநீர் விட்டுக் கையால் பிழிகிறேன். அம்மாவுக்கு இன்னும் ரின்னின் தாளைக் காட்டவில்லை. சொதி நன்றாயிருக்கிறது என்று மட்டும் சொன்னார்.