வெளிநாட்டுச் சேவைக்கு அனுப்புகிறோம் என்று பணம் கேட்கிறார்கள், பாலக்காட்டுப் பக்கத்துத் தமிழர்கள் கவனம்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் வெளிநாட்டில் போய்ச் சேவை செய்ய ஆசைப்படும் பிள்ளைகள் நிறைய. யாரிடமாவது பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். பாலக்காட்டில் ஆபீஸ் வைத்துக்கொண்டு, தமிழ் வழியில் படித்தவர்களாகப் பார்த்துப் பிடிக்கிறார்கள். நான் கொடுத்தது ஒரு லட்சத்துக்கு மேல். இதுவரை ஒரு ரூபாய்கூடத் திரும்பவில்லை.

நான் தமிழ் வழிப் பள்ளியில் டெய்லி வேஜஸ் டீச்சர். ஏப்ரல், மே லீவில் கென்யாவில் கிசுமு பக்கம் ஒரு குழந்தைகள் இல்லத்தில் பாடம் எடுப்பதாக ஏற்பாடு. "நீங்க நம்ம ஆளு டீச்சர். தமிழ்லயே பேசிக்கலாம், ஒரு அலைச்சலும் இல்லாம நாங்க பார்த்துக்கறோம்" என்றார் அந்த பாலக்காட்டு ஆபீசில் இருந்தவர். 'பங்களிப்பு' 85,000 ரூபாய், டிக்கெட் தனி.

பணம் கட்டிய பிறகுதான் தடைகள் ஒவ்வொன்றாக முளைத்தன. எஸ்எஸ்எல்சி புக்கில் என் பெயர் இனிஷியலோடு, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக. நம்மில் பாதிப் பேருக்கு இப்படித்தான் இருக்கும். அதைச் சரிசெய்ய வக்கீல் செலவு 7,500 என்றார்கள். உண்மையில் அக்‌ஷயா மையத்தில் (கேரள அரசின் இ-சேவை மையம்) விண்ணப்பித்தால், இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று வில்லேஜ் ஆபீசில் சான்று தருவார்கள். போலீஸ் கிளியரன்ஸுக்கு 5,000 வாங்கினார்கள். பாஸ்போர்ட் சேவா தளத்தில் அதற்குக் கட்டணம் 500. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிக்கு 6,000. அது அவசியம்தான், கென்யாவிலிருந்து அந்த அட்டை இல்லாமல் திரும்பினால் இங்கே தனிமைப்படுத்துவார்கள். ஆனால் அரசு மையங்களில் சில நூறு ரூபாய்க்கே போடுகிறார்கள். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் அப்படியொரு மையம். பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்னால் போட்டுக்கொள்ள வேண்டும்.

இதையெல்லாம்கூடச் சேவைக் கட்டணம் என்று விட்டிருப்பேன். என்னை நிறுத்தியது கடைசியாக வந்த காகிதம்தான். கென்யாவுக்கு 2024 ஜனவரியிலிருந்து விசா கிடையாது, ஆன்லைனில் பயண அனுமதி வாங்க வேண்டும். என் பெயரில் வாங்கிய அனுமதியைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தார்கள். பயண நோக்கம் என்ற இடத்தில் 'சுற்றுலா' என்று இருந்தது. "ஏர்போர்ட்ல கேட்டா சுத்திப் பார்க்க வந்தேன்னு சொல்லிடுங்க டீச்சர், யாரும் நோண்ட மாட்டாங்க." சம்பளம் இல்லாத தொண்டு என்றாலும் கென்யாவில் அதற்கு அனுமதி வாங்க வேண்டும், தொண்டு, மதப் பணிகளுக்கென்றே 'ஐ' வகுப்பு என்று ஒரு பெர்மிட் இருக்கிறது. அது இல்லாமல் மாட்டினால் தண்டனை எனக்கு, ஏஜென்ட்டுக்கு இல்லை. பொய் சொல்லிக்கொண்டு போய்ப் பிள்ளைகள் முன்னால் நிற்க மாட்டேன் என்று சொல்லி, பணத்தைத் திருப்பிக் கேட்டேன். ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் 'பங்களிப்பு திருப்பித் தரப்படாது' என்று இருப்பதைக் காட்டினார்.

லைசென்ஸ் கேட்டதற்கு, "இது வேலை இல்ல, சேவை. லைசென்ஸ் தேவையில்ல" என்று பதில். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிறவர் 1983 குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். சேவை என்று பெயர் வைத்தால் அந்தப் பிடி நழுவிவிடுகிறது. அவர்கள் பிழைப்பே இந்த ஓட்டையில்தான்.

கேரள-தமிழ்நாடு எல்லையில் இருப்பதும் அவர்களுக்கு வசதி. ஆபீஸ் பாலக்காட்டில், பணம் போன கணக்கு கோயம்புத்தூரில். இந்தப் பக்க ஸ்டேஷனில் அங்கே போ என்றார்கள், அந்தப் பக்கத்தில் இங்கே போ என்றார்கள். அப்படித் திருப்பி அனுப்பக் கூடாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவுப்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகாரை எடுக்க வேண்டும். பிரிவு எண்ணைச் சொன்ன பிறகுதான் எனக்கு எழுதி வாங்கினார்கள். ஆன்லைனில் பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்குக் கூப்பிடுங்கள்.

குழந்தைகள் இல்லம் என்றால் இன்னும் ஒன்றும் யோசிக்க வேண்டும். உலகெங்கும் இப்படிப்பட்ட இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். வெளிநாட்டார் பணம் வருகிறது என்பதற்காகவே பிள்ளைகளைக் கூட்டி வந்து நிரப்பும் இல்லங்களும் உண்டு. ஆஸ்திரேலியா 2018இல் நவீன அடிமைமுறைச் சட்டம் கொண்டுவந்தபோது இதையும் கடத்தலாகவே பேசினார்கள். என் 85,000 எங்கே போயிருக்கும் என்று நினைத்தால் பணம் போனதைவிட அதுதான் உறுத்துகிறது.

போகவே வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்கு ஆசை இன்னும் அப்படியே இருக்கிறது. ஐநா தன்னார்வலர் திட்டம் 1970இல் தொடங்கியது, தலைமையகம் ஜெர்மனியின் பான் நகரில். அவர்கள் தளத்தில் நாமே நேராகப் பதிவு செய்யலாம், எந்தக் கட்டத்திலும் கட்டணம் கிடையாது. வேறு யார் அழைத்தாலும் "எனக்கு எந்தப் பெர்மிட் எடுப்பீர்கள்?" என்று முதலில் எழுத்தில் கேளுங்கள்.

அதே ஆபீசில் பணம் கட்டியவர்கள் இருந்தால் ரசீது, ஜிபே ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காதீர்கள். 2019 நுகர்வோர் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், நாம் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணம் இல்லை, பிரச்சினை நடந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். நான் போட்டுவிட்டேன். ஒரே ஆபீஸ் மேல் நாலைந்து பேர் போட்டால் 'திருப்பித் தரப்படாது' என்ற அந்த வரியை வைத்து அவர்கள் தப்பிப்பது கஷ்டம்.