காணிக்கை ஆப்: எட்டு மாசம் யூஸ் பண்ணிப் பாத்தாச்சு

எங்க சர்ச் சபையில காணிக்கை கொடுக்க ஒரு ஆப் கொண்டு வந்து எட்டு மாசம் ஆகுது. பேர் சொல்லல, திட்டுறதும் கொஞ்சம் இருக்கு, அதனால வேண்டாம். மூணு ஸ்டார். ஒரு ஸ்டார் ஏன் குறைஞ்சுதுன்னு சொல்றதுக்கு நேரம் ஆகாது, இன்னொன்னுதான் பெரிய கதை.

இன்ஸ்டால், லாகின் எல்லாம் ரெண்டு நிமிஷ வேலை. பொது நிதி, மிஷனரி நிதி, கட்டட நிதி, ஏழைகள் நிதின்னு தனித்தனியா இருக்கும், எதுக்கு எவ்ளோன்னு போட்டு அனுப்பிடலாம், ரசீது உடனே வந்துடும், வருஷக் கடைசியில மொத்தக் கணக்கும் ஒரே பிடிஎஃப்ல கிடைக்கும். பழைய கவர் முறையில நான் கவர்ல நம்பர் எழுத மறந்து, அப்புறம் பொருளாளர் அண்ணன் ஆராதனை முடிஞ்சதும் ஒவ்வொருத்தரையா புடிச்சு "இது உங்க கவரா பாருங்க தம்பி"ன்னு கேட்ட கூத்தெல்லாம் இப்ப இல்ல.

இப்ப பெரிய கதை. ஆட்டோ பே. மாசம் ஒரு தேதி, ஒரு தொகை, செட் பண்ணிட்டா மறந்துடலாம்னு பெருமையா போட்ருக்கான். எனக்கு மாசச் சம்பளம் கிடையாது, வேலை முடிச்சுக் குடுத்தாதான் காசு, ஒரு மாசம் கொட்டும், அடுத்த மாசம் காயும். மூணாவது மாசம் ஒரு பார்ட்டி பணம் தர்றதுக்கு ரெண்டு வாரம் இழுத்தடிச்சாரு, இங்க ஒண்ணாம் தேதி காலையில ஆப் கரெக்டா கையை நீட்டிடுச்சு, அக்கவுண்ட்ல இல்ல, பவுன்ஸ், பேங்க் அபராதம் போட்டான், அதுக்கு மேல ஆப்ல இருந்து "உங்க காணிக்கை தோல்வி அடைந்தது"ன்னு சிவப்பு எழுத்துல ஒரு மெசேஜ். காணிக்கை தோல்வி! அன்னிக்கு நாள் பூரா அந்த வார்த்தை மண்டைக்குள்ளயே சுத்திட்டு இருந்துச்சு. அதுக்கு எதிரா, நல்லா சம்பாதிச்ச மாசத்துல அதே பழைய தொகைதான் போச்சு, நானும் கொடுத்தாச்சுங்கற நெனப்புல கண்டுக்காம விட்டுட்டேன்.

பைபிள்ல அப்போஸ்தலர் பவுல் கொரிந்து சபைக்கு எழுதும்போது (1 கொரி. 16:2) வாரத்தோட முதல் நாள் அவனவன் தன் வரவுக்குத் தக்கதா தன்கிட்டயே சேத்து வைக்கட்டும்னு தானே சொல்றாரு. அதுல ரெண்டு விஷயம் இருக்கு பாருங்க, ஒண்ணு வரவுக்குத் தக்கதா, ரெண்டு முன்கூட்டியே எடுத்து வைக்கிறது. இந்த ஆப்புக்கு என் வரவு தெரியாது, எடுத்து வைக்க இடமும் அதுல கிடையாது. கடைசி அரை நிமிஷத்த மட்டும் சுலபமாக்கிக் குடுக்குது, ஆனா எனக்குக் கஷ்டமே அந்த அரை நிமிஷம் இல்ல, காசு கைக்கு வந்த அன்னிக்கே பிரிச்சு வைக்கிறதுதான். கவுண்டர்ல நின்னு பணம் கட்டவா கஷ்டம்?

வரவு கேக்குற ஒரே இடம் தசமபாக கால்குலேட்டர். மாச வரவைப் போட்டா பத்துல ஒண்ணு காட்டும், அவ்ளோதான். பிடித்தத்துக்கு முன்னாடியா பின்னாடியா, கடன் தவணை இருக்கறவன் என்ன பண்ணுவான், ஒண்ணும் கேக்காது. உண்மையில பழைய ஏற்பாட்டுல தசமபாகம் இவ்ளோ தட்டையா இல்ல. உபாகமம் 14ஐ எடுத்துப் பாருங்க, தசமபாகத்த ஆண்டவர் சந்நிதியில குடும்பத்தோட சந்தோஷமா சாப்பிடணும்னு ஒரு பக்கம் இருக்கு, மூணாம் வருஷம் வாசல்ல வச்சு லேவியன் (சொந்தமா நிலப்பங்கு இல்லாத ஆலய ஊழியக்காரன்), பரதேசி (வெளியில இருந்து வந்து தங்கினவன்), திக்கற்ற பிள்ளை, விதவை இவங்க சாப்பிட விடணும்னு இன்னொரு பக்கம் இருக்கு. தசமபாகத்தையெல்லாம் பண்டகசாலைக்குக் கொண்டு வாங்கன்னு சொல்ற மல்கியா 3:10ஐ மட்டும் ஸ்க்ரீன் மேல பேனரா போட்டுட்டு மத்ததை விட்டா எப்படி.

குறைஞ்ச இன்னொரு ஸ்டார் இதுக்கு: தொடர்ந்து நாலு வாரம் கொடுத்தா ஒரு பேட்ஜ் குடுக்குறான். தங்கக் கலர்ல. ஷேர் பட்டனோட! வலது கை செய்யறது இடது கைக்குத் தெரியக்கூடாதுன்னு சொன்னவர் பேர்ல நடக்குற சபைக்கு இதை டிசைன் பண்ணவங்க அந்த வசனத்தைப் படிச்சிருக்கவே மாட்டாங்கன்னு நெனக்கிறேன். செட்டிங்ஸ்ல ஆஃப் பண்ணலாம், ஆனா தேடணும். அப்புறம் "பரிவர்த்தனைக் கட்டணத்தையும் நானே ஏத்துக்கறேன்"னு ஒரு டிக், முன்னாடியே போட்டு வச்சிருக்கான். ஏத்துக்கறதுல எனக்குப் பிரச்சனை இல்ல, ஆனா டிக் என் விரல்ல விழணும்ல.

பிடிச்சதையும் சொல்லிடறேன், மூணு ஸ்டார் சும்மா போடல. ஒவ்வொரு நிதிக்கும் இந்த மாசம் வந்தது இவ்ளோ, போனது இவ்ளோன்னு சபையில யார் வேணா பாக்கலாம். எங்க கமிட்டி அதைத் திறந்து விட்ருக்காங்க, பெரிய விஷயம். 2 இராஜாக்கள் 12ல யோவாஸ் ராஜா காலத்துல ஆலயத்தைப் பழுதுபாக்க வந்த காசு ஆசாரியர் கைக்குப் போகுது, வேலை மட்டும் அவர் ஆட்சியோட 23ஆம் வருஷம் வந்தும் நடக்கல. அப்புறம்தான் யோய்தா ஆசாரியன் ஒரு பெட்டி எடுத்து மூடியில ஓட்டை போட்டு பலிபீடத்துக்குப் பக்கத்துல வைக்கிறாரு, நிறைஞ்சதும் ராஜாவோட சம்பிரதியும் (எழுத்தர்) பிரதான ஆசாரியனும் ரெண்டு பேரும் சேந்து வந்து எண்றாங்க. ரெண்டு பேர்! பவுலும் எருசலேமுக்குப் போற பணத்தைத் தனியாளா தூக்கிட்டுப் போகல, தீத்துவோட இன்னும் ரெண்டு சகோதரரைச் சேத்து அனுப்புறாரு, யாரும் குத்தம் சொல்லக் கூடாதுன்னு (2 கொரி. 8). ஆப்ல அந்த நிதிப் பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஓட்டை போட்ட பெட்டிதான் ஞாபகம் வரும்.

ஒரு ஞாயித்துக்கிழமை. பாட்டு ஓடுது, காணிக்கை பை வரிசையா வருது, நான் ஆப்ல போட்டாச்சுன்னு அப்படியே வாங்கிப் பக்கத்துல குடுத்தேன். என் பொண்ணு, ஆறு வயசு, பைக்குள்ள எட்டிப் பாத்துட்டு என் கையைப் பாத்தா. "அப்பா, நம்ம போடலையா?" போன்ல போட்டேன்மான்னேன். "எனக்குத் தெரியவே இல்லயே"ன்னா. என்ன பதில் சொல்றது, ரசீதையா காட்டறது? ஏழை விதவை ரெண்டு காசு போட்டதையும் இயேசு காணிக்கைப் பெட்டிக்கு எதிர்ல உக்காந்து கண்ணால பாத்துட்டுதானே சொன்னாரு.

இப்ப ஆட்டோ பே இல்ல. காசு வந்த அன்னிக்கே ஒரு பங்கைத் தனி அக்கவுண்ட்டுக்குத் தள்ளிடறேன், மாசம் முடிஞ்சதும் அங்க என்ன இருக்கோ அது ஆப் வழியா போகுது. ஞாயித்துக்கிழமைக்குக் கொஞ்சம் சில்லறை பொண்ணு கையில, அவ பைசா பைசாவா எண்ணிப் போடறதுக்குள்ள பை அடுத்த வரிசைக்குப் போக முடியாம நிக்குது, பின்னாடி அத்தை ஒருத்தங்க சிரிச்சுக்கிட்டே காத்திருப்பாங்க.

ஆட்டோ பேயை கேன்சல் பண்ற இடம் தெரியாதவங்களுக்கு: ப்ரொஃபைல், அதுல பணம் செலுத்தும் முறைகள், அதுல மூணு புள்ளி, அதுல "நிர்வகி", அப்புறம் கடைசி வரைக்கும் கீழ இறக்குங்க, சாம்பல் கலர்ல சின்னதா இருக்கும். நிஜமாவே நிறுத்தணுமான்னு ரெண்டு தடவை கேக்கும். ரெண்டு தடவையும் ஆமான்னு அழுத்துங்க.