வேவ் போய், சூப்பர் ஃபோர் வந்து மூன்று வருடம்

போன ஞாயிற்றுக்கிழமை தேங்காய்ப்பால் வாங்க பஸ்ஸில் போனேன். மூன்றே ஸ்டாப். புளோக்குக்குக் கீழே ஐம்பதுக்கு மேல் குதிரைச்சக்தி உள்ள என் ஹோண்டா சூப்பர் ஃபோர் உறை போர்த்திக்கொண்டு நின்றிருந்தது. உறையைக் கழற்றி மடித்து, டிஸ்க் பூட்டைத் திறந்து, இரண்டு பக்கமும் நிற்கிற வண்டிகளின் கண்ணாடியில் இடிக்காமல் பின்னால் இழுத்து வெளியே கொண்டுவருவதற்குள் பஸ் வந்துவிடும் என்று கணக்குப் போட்டேன்.

முன்பு இதே வேலைக்கு வேவ் இருந்தது. ஹோண்டா வேவ் 125. அடுப்பை அணைக்காமலேயே மனைவி என்னைக் கடைக்கு அனுப்புவாள். குழம்பு கொதிப்பதற்குள் திரும்பி வந்திருக்கிறேன்.

நம் சிங்கப்பூரில் இந்த வகை வண்டிக்கு கப்சாய் என்று பெயர். ஹோண்டா 1958-இல் கொண்டுவந்த ‘கப்’ வண்டியின் பெயரோடு கேன்டனீஸில் ‘சின்னது’ என்று பொருள்படும் ‘சாய்’ ஒட்டிக்கொண்டு வந்த சொல் அது. மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாருக்கும் அது கப்சாய்தான். கையில் கிளட்ச் கிடையாது. காலால் கியரை மிதித்தால் உள்ளே இருக்கிற கிளட்ச் தானாகவே விட்டுப் பிடிக்கும். ஜப்பானில் சோபா நூடுல்ஸ் கொண்டுபோகிற பையன் ஒரு கையில் தட்டை ஏந்தி, மறு கையால் ஓட்ட வேண்டும் என்று நினைத்துச் செய்த ஏற்பாடு என்பார்கள். நான் தட்டு ஏந்தியதில்லை. ஆனால் சீட்டுக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் ஹூக் இருந்தது. எட்டு வருடத்தில் அதில் தொங்காத சாமான் இல்லை: தே பாக்கெட், தபாவ் செய்த (கடையில் பொட்டலம் கட்டி வாங்கிய) மீன்குழம்பு, பொங்கலுக்கு லிட்டில் இந்தியா தேக்காவில் வாங்கிய மஞ்சள் கொத்து, ஒருமுறை உயிருள்ள நண்டு. ஐந்து கிலோ அரிசிப் பையை ஹூக்கில் மாட்டி முழங்காலால் அணைத்துக்கொண்டால் ஆடாமல் வீடு வந்து சேரும்.

இவ்வளவு பிடித்த வண்டியை ஏன் விட்டாய் என்று கேட்டால், சிஓஇ என்ற மூன்றெழுத்துதான் பதில். வண்டி வைத்துக்கொள்ள அரசாங்கத்திடம் பத்து வருடத்துக்கு வாங்குகிற அனுமதிச் சான்றிதழ் அது. 2022 கடைசியில் என் வேவுக்குப் பத்து வருடம் முடிந்தது. அந்த நேரம் பார்த்து மோட்டார் சைக்கிள் சிஓஇ பத்தாயிரம் வெள்ளியைத் தாண்டி நின்றது. இன்னும் பத்து வருடம் வைத்துக்கொள்ள அந்த அளவு பணம் கட்ட வேண்டும். ஐந்து வருடம் போதும் என்றால் பாதி கட்டலாம், ஆனால் அதற்கப்புறம் நீட்டிக்க முடியாது. வண்டியை விற்றால் ஆயிரம் வெள்ளி தேறாது. ஆயிரம் வெள்ளி வண்டிக்குப் பத்தாயிரம் வெள்ளிக் காகிதம்!

மனைவியின் தம்பி அன்று சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. “மாமா, சிஓஇல சின்ன வண்டி, பெரிய வண்டின்னு வித்தியாசம் கிடையாது. 125-க்கும் அதே காசு, 1000-க்கும் அதே காசு. கட்டுறதுதான் கட்டுறீங்க, பெருசாப் பார்த்துக் கட்டுங்க.”

கணக்கில் தப்பே இல்லை. சின்ன வண்டிக்கான டூ-பி லைசென்ஸ் எடுத்து வருடக்கணக்காகிவிட்டது, 400 சிசி வரை ஓட்ட உதவும் டூ-ஏ வகுப்பும் முடித்து வைத்திருந்தேன். அந்த வகுப்பில் ஓட்டக் கொடுத்ததும் சூப்பர் ஃபோர்தான். 2028 வரை சிஓஇ உள்ள பழைய வண்டி ஒன்று கிடைத்தது. என்ன விலை என்று சொன்னால் இதைப் படிக்கிற என் அம்மா திட்டுவார்.

வேவை ஒப்படைக்கப் போன அன்று மெக்கானிக் அங்கிள் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கியர் மிதியின் பின்பக்க ரப்பர் தேய்ந்து இரும்பு பளபளவென்று தெரிந்தது. என் குதிகால் செய்த வேலை. அவர் ஸ்க்ரூட்ரைவரால் ஹூக்கைக் கழற்றி என் கையில் கொடுத்தார். கேட்காமலே கொடுத்தார். இன்றும் அது மேசை இழுப்பறையில் கிடக்கிறது. சூப்பர் ஃபோரில் அதை மாட்ட இடமே இல்லை, நானும் பார்த்தாயிற்று.

சரி, பெரிய வண்டியைக் குறை சொல்ல மட்டும் எழுதவில்லை. யீஷூனிலிருந்து துவாஸ் வரைக்கும் தினமும் போகிறேன். எஸ்எல்இ, பிகேஇ, கேஜேஇ, பிஐஇ என்று விடிவதற்கு முன்பே விரைவுச்சாலையில் இருப்பேன். வேவில் போகும்போது கண்டெய்னர் லாரி ஒன்று பக்கத்தில் கடந்தால் காற்று முதலில் தள்ளும், அப்புறம் இழுக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு ஹேண்டிலைப் பிடிப்பேன். சூப்பர் ஃபோர் அதையெல்லாம் சட்டை செய்வதில்லை. மழையில் அந்த அகலமான டயர் தரும் தெம்பு வேவின் சைக்கிள் டயர் மாதிரியான சக்கரத்தில் கிடைக்காது. மனைவியைப் பின்னால் வைத்து உட்லண்ட்ஸ் மேம்பாலம் ஏறும்போது வேவ் மூன்றாம் கியருக்கு இறங்கி முனகும், இது அப்படியே ஏறிவிடும்.

எஞ்சினும் அழகுதான், ஒப்புக்கொள்கிறேன். நான்கு சிலிண்டர். கீழ்ச் சுழற்சியில் ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு வால்வுகள் மட்டும் வேலை செய்யும், நிமிடத்துக்கு 6,300 சுழற்சி வாக்கில் தாண்டினால் நான்கும் திறக்கும். அந்த நொடி சத்தமே மாறிவிடும். தவில் வாசிப்பவர் இரண்டு தட்டு தட்டிவிட்டுத் திடீரென்று உருட்ட ஆரம்பிப்பதுபோல. ஆனால் எங்கே உருட்டுவது? விரைவுச்சாலையிலேயே 90-க்கு மேல் அனுமதி இல்லை. ஆறாம் கியரில் 90-இல் போனால் அந்த வால்வுகள் தூங்கிக்கொண்டுதான் இருக்கும். அதை எழுப்ப மலேசியாவுக்குப் போக வேண்டும். மெர்சிங் வரை இரண்டு முறை போயிருக்கிறேன். கோத்தா திங்கி தாண்டி எண்ணெய்ப்பனைத் தோட்டங்களுக்கு நடுவே போகிற அந்தச் சாலையில் இந்த வண்டிக்கு நான் கொடுத்த ஒவ்வொரு வெள்ளியும் சரி என்று தோன்றியது. மூன்று வருடத்தில் இரண்டு முறை.

எடை விஷயத்துக்கு வருகிறேன். வேவ் நூறு கிலோ சொச்சம், சூப்பர் ஃபோர் 200 கிலோவுக்குப் பக்கத்தில். ஓடும்போது அந்த வித்தியாசம் தெரியவே தெரியாது, சத்தியமாக. நிற்கும்போதுதான் எடை. வாங்குவதற்கு முன் ஓட்டிப் பார்க்கிற பத்து நிமிடத்தில் யாரும் வண்டியை நிறுத்தி வைத்துப் பார்ப்பதில்லை.

வாங்கி ஐந்தாவது வாரம். பல மாடிக் கார்பார்க், மழை ஈரம், சரிவில் இறங்கி வளைந்துகொண்டிருந்தேன். குறுக்கே ஒரு பூனை. ஹேண்டில் திரும்பியிருக்கும்போதே முன் பிரேக்கைத் தொட்டுவிட்டேன். வண்டி நின்றேவிட்டது, வேகம் பூஜ்யம். அப்புறம் மெதுவாக, மிக மெதுவாக, இடது பக்கம் சாய ஆரம்பித்தது. வேவாக இருந்தால் இடுப்பால் ஒரு இடி கொடுத்து நிமிர்த்தியிருப்பேன், எத்தனையோ முறை செய்த வேலை. அதே பழக்கத்தில் இடுப்பைக் கொடுத்தேன். வண்டி என் இடுப்பைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை. மாடு படுப்பதுபோல முழுசாகப் படுத்தது. கிளட்ச் லீவர் வளைந்தது. டேங்க்கில் ஒரு கட்டைவிரல் அளவு பள்ளம்.

தனியாகத் தூக்க முடியவில்லை. அங்கே தரை கழுவிக்கொண்டிருந்த பங்களாதேஷ் அண்ணன் ஓடி வந்தார். முதுகை வண்டியின் பக்கம் வைத்து, குந்தி, காலால் எழுந்து தூக்க வேண்டும் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்ததெல்லாம் அப்போது ஞாபகம் வரவில்லை. அவர் “அஸ்தே அஸ்தே”, மெதுவாக மெதுவாக, என்று சொல்லிக்கொண்டே தூக்கினார். பூனை ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து எங்கே போனாலும் முதலில் நிறுத்துமிடத்தைத்தான் யோசிக்கிறேன். சரிவா, சமதளமா? மூக்கை உள்ளே விட்டால் வெளியே இழுக்க முடியுமா? தேக்காவில் ஞாயிற்றுக்கிழமை நிறுத்துமிடம் எப்படி இருக்கும் என்று தெரியும்தானே. வேவாக இருந்தால் பின்பக்கக் கம்பியைப் பிடித்து ஒரு தூக்கு தூக்கி, சக்கரத்தை நகர்த்திச் செருகிவிடலாம். இப்போது இரண்டு சுற்று சுற்றிவிட்டு வாழையிலை வாங்காமலே வீடு திரும்பியதும் உண்டு.

அடுத்தது மலேசியாவுக்குப் போகிற ஜொகூர் பாலம். நீளம் ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான், வெள்ளிக்கிழமை சாயங்காலம் போய்ப் பாருங்கள். ஐந்தடி நகரும், நிற்கும். பத்தடி நகரும், நிற்கும். வேவில் இரண்டு காலையும் தரையில் தட்டிக்கொண்டே நடந்து போய்விடுவேன். இடது கைக்கு வேலையே இல்லை, மூக்கைச் சொறியலாம். சூப்பர் ஃபோரில் கிளட்ச்சைப் பிடித்து விட்டு, பிடித்து விட்டு, அரை மணி நேரத்தில் விரல் மரத்துப்போகும். ரேடியேட்டர் விசிறி சுழல ஆரம்பித்தால் அந்தச் சூடு நேராக முழங்காலுக்கு வரும். இட்லிப் பானைக்கு மேல் காலை நீட்டியதுபோல் இருக்கும். எஞ்சினை அணைத்துத் தள்ளலாம் என்று ஒருமுறை முயன்றேன். பத்து மீட்டர் தள்ளினேன், சட்டை பிழிகிற மாதிரி ஆகிவிட்டது. பக்கத்து வரிசையில் கப்சாய்க்காரர்கள் என்னைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார்கள்.

செலவு பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வேவ் என் கையில் லிட்டருக்கு 45 கிலோமீட்டருக்குக் குறையாமல் கொடுத்தது. இது 19, 20. வேவுக்கு எஞ்சின் ஆயில் ஒரு லிட்டர் டப்பா வாங்கினால் மிச்சம் இருக்கும். இதற்கு மூன்று லிட்டர் அளவு போகும், ஸ்பார்க் பிளக்கும் நான்கு. 31,000 கிலோமீட்டரில் டயர், செயின், பிரேக் பேட் தவிரப் பெரிய ரிப்பேர் எதுவும் வரவில்லை. அந்த விஷயத்தில் வண்டி மீது குற்றமே கிடையாது.

பழைய அப்பர் தாம்சன் சாலைக்கு அவ்வப்போது காலையில் போவேன். 1961-இலிருந்து 1973 வரை கிராண்ட் பிரீ பந்தயம் நடந்த பாதையின் ஒரு பகுதி அது. இன்று ஒருவழிப்பாதை. இரண்டு பக்கமும் காடு, ஓரத்தில் குரங்குகள். பந்தயம் நடந்த ரோடாயிற்றே, சூப்பர் ஃபோருக்குத்தான் பொருத்தம் என்று நினைப்பீர்கள். எனக்கு அங்கேதான் வேவ் ஞாபகம் அதிகம் வருகிறது. வேவில் போனால் குரங்கு எழுந்திருக்காது. நாற்பதில் நான்காம் கியரில் தையல் மெஷின் மாதிரி டிக் டிக் என்று போய்க்கொண்டே இலை வாசனை பிடிக்கலாம். இப்போது வளைவு வந்தால் வளைவைப் பார்க்கிறேன், சருகு கிடந்தால் சருகைப் பார்க்கிறேன். காட்டைப் பார்ப்பதில்லை.

இரண்டையும் வைத்துக்கொள்ளேன் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். கடைக்குப் போக இன்னொரு சிஓஇயா? மனைவியிடம் கேட்டேன். “தேங்காய்ப்பாலை ஆன்லைன்ல ஆர்டர் பண்ணிக்கலாம்ங்க” என்றாள். 2028 வரைக்கும் இதுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். கீழே இறங்கியபோது பக்கத்து புளோக் பாக்சிக், மலாய்க்காரப் பெரியவர், தன் பழைய வேவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பேட்டரி செத்துவிட்டது, அவருக்கு முழங்கால் வலி. நான் உதைக்கட்டுமா என்று கேட்டேன். மிதியை வெளியே இழுத்து, பாதி வரை மெதுவாக அழுத்தி, அது தடுக்கிற இடம் வந்ததும் விட்டு, ஒரே உதை. பிடித்துக்கொண்டது.

“மோட்டோ பெசார் மானா?” என்றார். பெரிய வண்டி எங்கே என்கிறார்.

“தீடோர்” என்றேன். தூங்குகிறது.

சிரித்துக்கொண்டே கிளம்பினார். நான் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன். இன்னும் ஒன்பது நிமிடம் என்று காட்டியது. அப்புறம் ஐந்து. மூன்று என்று ஆனபோது பாக்சிக் எதிர்ப்பக்கமாகத் திரும்பி வந்துகொண்டிருந்தார். கையை ஆட்டினார், இடது கையை. ஹூக்கில் இரண்டு கோப்பி பாக்கெட் ஆடிக்கொண்டிருந்தன.