நாம் வாங்கும் முன் நடந்த வேலைக்கு நம்மிடம் பில்: கட்டுவதா, மறுப்பதா, பஞ்சாயத்தா?

கிரயம் முடிந்து, பால் காய்ச்சிக் குடிபோன சில வாரத்தில் கேட் முன்னால் ஒருவர் பில் புத்தகத்தோடு நிற்கிறார். பழைய ஓனர் வீட்டை விற்பதற்குக் கொஞ்சம் முன்னால் போர்வெல் (ஆழ்துளைக் கிணறு) போட்டிருக்கிறார். துளை போட்டது திருச்செங்கோட்டு ரிக் வண்டி. பாதிப் பணம் வந்துவிட்டது, மீதி நிற்கிறது. கோவைப் பக்கம் ஆயிரம் அடி இறக்குவது இப்போது அதிசயமே இல்லை. அடிக்கு இவ்வளவு என்று ரேட், ஆழம் போகப் போக அந்த ரேட் ஏறும், மண் சரியாமல் துளைக்குள் இறக்கும் கேசிங் பைப் தனிக் கணக்கு. அதனால் மீதி என்பது சில்லறைத் தொகையாக இருக்காது.

“ஏனுங்க, மோட்டார் ஓடுதுங்களா? தண்ணி வருதுங்களா? அப்புறம் அந்தக் காசை யாருங்க குடுக்கறது?”

கேட்கும்போது நியாயமாகத்தான் படும். தண்ணீர் நம் தொட்டியில்தானே விழுகிறது! இதே மாதிரி வேறு பில்களும் வரும். பழைய ஓனர் மாடியில் எழுப்பிய அறைக்கு மாநகராட்சி முன்தேதியிட்டு வரி போடும். பாதாளச் சாக்கடை இணைப்புக்கு அவர் கட்டாமல் விட்ட தொகை நிற்கும். திருப்பூர்ப் பக்கம் என்றால், முன் அறையில் பனியன் தைத்துக்கொண்டு வீட்டு இணைப்பிலேயே மிஷின் ஓட்டியிருப்பார்கள். மின்வாரிய ஆடிட்டில் அது பிடிபட்டு வித்தியாசத் தொகை வரும்.

எல்லாவற்றுக்கும் ஒரே பதில் கிடையாது. பில் நியாயமா என்று யோசிப்பதற்கு முன்னால், அனுப்பியவர் கையில் நம் வீட்டில் எதையாவது நிறுத்துகிற அதிகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் வழி அங்கேயே பிரிந்துவிடும்.

மறுப்பது

ரிக் வண்டிக்காரர், கொத்தனார், காம்பவுண்டு சுவர் கட்டிய மேஸ்திரி, சோலார் பேனல் மாட்டியவர், இவர்கள் யாருக்கும் அந்த அதிகாரம் இல்லை. ஒப்பந்தம் வேலை செய்தவருக்கும் பழைய ஓனருக்கும் நடுவில் நடந்தது, நாம் அதில் இல்லை. இணையத்தில் தேடினால் அமெரிக்கக் கதைகள்தான் முதலில் வந்து பயமுறுத்தும். அங்கே வேலை செய்தவருக்கு வீட்டின் மேலேயே பற்றுரிமை, அதாவது பாக்கிக்காகச் சொத்தைப் பிடித்துவைக்கும் உரிமை, கிடைக்கும் சட்டங்கள் உண்டு. நம் ஊரில், வேலையை முடித்துவிட்டுப் போன காண்ட்ராக்டருக்கு வீட்டின் மேல் அப்படி உரிமை தானாக வந்துவிடாது. வில்லங்கச் சான்றில் இந்தப் பாக்கி தெரியாததும் அதனால்தான்.

‘பலன் உங்களுக்குத்தானே’ என்ற வாதத்துக்கும் சட்டத்தில் ஒரு வேர் இருக்கிறது. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 70-ஆவது பிரிவு, இலவசமாகச் செய்யும் எண்ணம் இல்லாமல் ஒருவர் இன்னொருவருக்காக ஒரு வேலை செய்து, அந்த இன்னொருவர் பலனை அனுபவித்தால் ஈடு தரவேண்டும் என்கிறது. வக்கீல் நோட்டீஸ் வந்தால் இந்தப் பிரிவு அதில் இருக்கும், பதற வேண்டாம். வேலை யாருக்காகச் செய்யப்பட்டது என்பதுதான் அங்கே கேள்வி. பலனை வேண்டாம் என்று மறுக்கும் வாய்ப்பும் பலன் பெற்றவருக்கு இருந்திருக்க வேண்டும் என்பதை பி.கே. மண்டல் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது. ரிக் வண்டி வந்து நின்ற நாளில் நாம் அந்த வீட்டின் ஓனரே இல்லை. போருக்கும் சேர்த்துத்தான் வீட்டின் விலையை விற்றவரிடம் கொடுத்திருக்கிறோம்.

காலக்கெடுவையும் பாருங்கள். செய்த வேலைக்கான கூலிக்கு வழக்குப் போட, பணம் தரத் தவணை எதுவும் பேசியிராவிட்டால், வேலை முடிந்ததிலிருந்து 3 ஆண்டுதான். பில்லில் போட்டிருக்கும் தேதி கணக்கில் வராது. பழைய வேலைக்குப் புதுத் தேதியில் பில் எழுதிக் கொண்டுவருவது சகஜம்.

மறுப்பதானால் வாயால் மறுக்காதீர்கள், ஒரு தாளில் எழுதுங்கள். ‘வேலை நடந்தது இன்ன தேதி. நான் கிரயம் பெற்றது இன்ன தேதி, ஆவண எண் இது. அந்த வேலைக்கு நான் ஆர்டர் கொடுக்கவில்லை, பணம் தருவதாக ஒப்புக்கொள்ளவும் இல்லை. உங்கள் கோரிக்கையை விற்றவரிடம் வைத்துக்கொள்ளவும்.’ இவ்வளவு போதும். கிரயப் பத்திரத்தின் முதல் பக்க நகலைச் சேர்த்து, ஒப்புகையோடு தபாலில் அனுப்பிவிட்டு, ஒரு பிரதியை விற்றவருக்கும் அனுப்புங்கள். கேட்டில் நிற்பவர் மேல் இரக்கப்பட்டு ‘சரி, இப்போதைக்கு ஒரு பத்தாயிரம் வைத்துக்கொள்ளுங்கள்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நீங்களும் கடனை ஏற்றுக்கொண்டீர்கள் என்று வாதிட அந்தப் பத்தாயிரமே அவருக்குப் பிடிமானம்.

இந்த வழியின் குறை சட்டத்தில் இல்லை, நடைமுறையில் இருக்கிறது. நாளை மோட்டார் உள்ளே சிக்கினாலோ போரை ஃப்ளஷிங் செய்து சுத்தப்படுத்த வேண்டி வந்தாலோ, எத்தனை அடியில் எவ்வளவு தண்ணீர் வந்தது, கேசிங் எதுவரை போயிருக்கிறது என்ற விவரம் எல்லாம் ரிக் வண்டிக்காரரிடம்தான் இருக்கும்.

கட்டிவிட்டு விற்றவரிடம் வாங்குவது

மின்வாரியமும் மாநகராட்சியும் வேறு ரகம். ஒருவர் ஃபியூஸைப் பிடுங்கலாம், இன்னொருவர் பெயர் மாற்றத்தை நிறுத்தி வைக்கலாம்.

மின்சாரத்தில், கே.சி. நினான் வழக்கில் 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது முக்கியம். பழைய ஓனரின் மின்பாக்கி தானாகச் சொத்தின் மேல் ஏறிவிடாது. ஆனால் சப்ளை விதிகளில் அப்படி ஒரு நிபந்தனை இருந்தால், புது ஓனர் இணைப்புக் கேட்கும்போது பழைய பாக்கியைக் கட்டச் சொல்ல வாரியத்துக்கு உரிமை உண்டு. ‘இரண்டு வருஷத்துக்கு மேலான பாக்கியைக் கேட்க முடியாது’ என்று டீக்கடையில் சொல்வார்கள். தொடர்ந்து அரியர்ஸாகக் காட்டி வந்திருந்தால் அந்த வாதம் நிற்காது.

இங்கே முழுதாக மறுப்பதற்கும் முழுதாகக் கட்டுவதற்கும் நடுவில் ஒரு வழி இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. மின்சாரச் சட்டம் 2003-இன் 56-ஆவது பிரிவுப்படி, கேட்ட தொகை அல்லது முந்தைய 6 மாதச் சராசரியில் கணக்கிட்ட தொகை, இரண்டில் எது குறைவோ அதை ‘ஆட்சேபத்துடன்’ என்று எழுதிக் கட்டிவிட்டால், தகராறு தீரும் வரை இணைப்பைத் துண்டிக்கக் கூடாது. அதற்குப் பிறகு உங்கள் மின்பகிர்மான வட்டத்தின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்தில் மனு கொடுக்கலாம். கோவைக்காரர்கள் டாடாபாத் மின்வாரிய அலுவலகத்தில் விசாரித்தால் வழி சொல்வார்கள். அங்கே தோற்றால் மின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். வக்கீல் கட்டாயமில்லை.

சொத்து வரியில் வாங்கியவருக்குச் சாதகமான தீர்ப்பு ஒன்று உண்டு. வரிபாக்கி பற்றித் தெரியாமல் விலை கொடுத்து வாங்கியவரின் சொத்தை, சட்டம் வெளிப்படையாக அனுமதித்தால் ஒழிய, அந்தப் பாக்கிக்காகப் பிடிக்க முடியாது என்று அகமதாபாத் மாநகராட்சி வழக்கில் 1971-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் வரி எண்ணைத் தட்டினால் பாக்கி திரையில் வந்து நிற்கும் இந்தக் காலத்தில், ‘எனக்குத் தெரியாது’ என்று சாதிப்பது சுலபமில்லை. கிரயத்துக்குப் பிறகு புதிதாகப் போட்ட முன்தேதி வரி என்றால் மட்டும் இந்த வாதத்துக்கு வலு உண்டு. சில ஆயிரம் ரூபாய் என்றால் நான் கட்டிவிட்டு விற்றவரைத்தான் பிடிப்பேன்.

பிடிக்க நல்ல கைப்பிடியும் இருக்கிறது. சொத்து மாற்றுச் சட்டம் 1882-இன் 55-ஆவது பிரிவு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், கிரயத் தேதி வரையிலான பொதுக் கட்டணங்கள் விற்றவர் தலையில் என்கிறது. அவர் கட்டவேண்டியதை நம் நலனுக்காக நாம் கட்டினால், ஒப்பந்தச் சட்டத்தின் 69-ஆவது பிரிவுப்படி திரும்பக் கேட்கலாம். கட்டிய நாளிலிருந்து 3 ஆண்டு அவகாசம். ரசீதில் யார் பெயர், எந்தக் காலத்துக்கான தொகை என்று தெளிவாக இருக்க வேண்டும்.

இதே 69-ஆவது பிரிவு ரிக் வண்டி பில்லில் அவ்வளவாகக் கைகொடுக்காது. ‘கட்டவேண்டிய அவசியமே இல்லாமல் நீங்களாகக் கொடுத்தீர்கள், என்னிடம் ஏன் கேட்கிறீர்கள்’ என்று விற்றவர் சொல்லிவிடுவார். மறுக்க முடியாத பில்லில்தான் கட்டிவிட்டு வசூலிக்கும் வழி பலமாக இருக்கிறது. தாராளமாக மறுக்கக்கூடிய பில்லை நல்ல மனசால் கட்டினால், போன பணம் போனதுதான்.

பேக்கரிப் பஞ்சாயத்து

சரி, சட்டத்தைத் தொடாமல் முடிக்க முடியாதா? விற்றவர் அதே ஊரில் இருந்தால் முடியும், பல சமயம் இதுதான் எல்லாவற்றையும்விட வேகம். கமிஷன் வாங்கிய புரோக்கரைக் கூப்பிடுங்கள். வடவள்ளியோ பெருந்துறையோ, ஏதாவது ஒரு பேக்கரியில் விற்றவர், வேலை செய்தவர், நீங்கள், மூன்று பேரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். மூன்றில் ஒருவர் இல்லாவிட்டாலும் பேச்சு வீண். கொங்குப் பக்கத்தில் எப்படியும் இரண்டு கேள்வியில் யாரோ யாருக்கோ பங்காளி, மாமன் மச்சான் என்று தெரிந்துவிடும்; பேரைக் காப்பாற்றிக்கொள்ள விற்றவர் இறங்கி வருவார்.

பணம் விற்றவரிடமிருந்து நேராக வேலை செய்தவர் கணக்குக்குப் போகட்டும், நடுவில் நீங்கள் வேண்டாம். ‘இந்த முகவரி வேலைக்கான பாக்கி முழுவதும் தீர்ந்தது’ என்று ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். விற்றவர் பிள்ளைகளோடு வெளிநாடு போய்விட்டாரென்றால் டீ செலவுதான் மிச்சம்.

வெளி மன்றங்கள்

நுகர்வோர் ஆணையத்தைப் பலர் முதலில் நினைக்கிறார்கள். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் தன் வீட்டை விற்ற தனிநபர் உங்களுக்குச் சேவை தருபவர் ஆகமாட்டார். அவர் மேல் அங்கே போவதில் பயனில்லை. புரமோட்டரிடம் வாங்கிய புது வீடு என்றால் போகலாம்.

மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் மக்கள் நீதிமன்றத்துக்குப் போனால் செலவில்லை, தீர்வுக்கு மேல்முறையீடும் இல்லை. ஆனால் எதிர்த்தரப்பு வந்து சம்மதித்தால்தான் தீர்வு. குடிநீர், மின்சாரம், சாக்கடை போன்ற பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்கான நிரந்தர மக்கள் நீதிமன்றம் மட்டும், சமரசம் முறிந்தாலும் தானே தீர்ப்புச் சொல்லலாம். பாதாளச் சாக்கடைத் தொகைத் தகராறுக்கு என் முதல் தேர்வு அதுதான்.

சிவில் கோர்ட் கடைசி. தமிழ்நாட்டில் 2017-க்குப் பிறகு பண வழக்குக்குக் கோர்ட் கட்டணம் 3 சதவீதம். காசைவிட வாய்தாதான் கசக்கும். தொகை லட்சக்கணக்கில் இருந்து, விற்றவர் பெயரில் இங்கே வேறு சொத்தும் இருந்தால் யோசிக்கலாம்.

இன்னும் அக்ரிமெண்ட் நிலையிலேயே இருப்பவர்களுக்கு வேலை சுலபம். பத்திரத்தில் வழக்கமாக வரும் ‘பின்னிட்டு ஏதாவது வில்லங்கம் தெரியவந்தால் நானே முன்னின்று என் சொந்தச் செலவில் தீர்த்துக் கொடுக்க’ என்ற வரியை நம்பி விடாதீர்கள். போர் பாக்கி வில்லங்கமே இல்லை என்று நாளை வாதிடலாம். ‘கிரயத் தேதிக்கு முன் நடந்த கட்டட, போர், மின், குழாய் வேலைகளின் பாக்கியும், அந்தக் காலத்துக்கான வரி, கட்டணம் அனைத்தும்’ என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். பத்திரம் எழுதுபவர் ‘அதெல்லாம் வழக்கமில்லைங்க’ என்பார். எழுதச் சொல்லுங்கள். முடிந்தால் ஒரு தொகையைப் பிடித்து வைத்து, அடுத்த மின்பில்லும் அரையாண்டு வரியும் பாக்கியில்லாமல் வந்த பிறகு கொடுப்பதாகப் பேசிக்கொள்ளுங்கள்.