டைமிங் பெல்ட்: பெல்ட் மட்டுமா, கிட்டா, பம்ப்போடா?

பிஸ்டன்களோடு சேர்ந்து சுற்றும் கிராங்க் தண்டையும், வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டையும் ஒரே தாளத்தில் சுற்ற வைக்கும் பல் வைத்த பெல்ட்தான் டைமிங் பெல்ட். டர்பன் பக்கம் வீட்டு முற்றத்திலேயே அதை மாற்றலாமா என்று யோசிக்கிறவர்களிடம் பெரும்பாலும் மூன்று வண்டிகளில் ஒன்று இருக்கும். பழைய சிட்டி கோல்ஃப், 1.6 லிட்டர் 4ஏ-எஃப்இ இன்ஜின் போட்ட கொரோலா அல்லது கான்குவெஸ்ட், இல்லையென்றால் போலோ விவோ 1.4. ரோகாம் இன்ஜின் உள்ள ஃபோர்டு பான்டம் பக்கி (சின்ன பிக்கப் வண்டி) வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை, அதில் ஓடுவது செயின்.

ஸ்பேர் பார்ட்ஸ் கவுன்டரில் கேட்கும் முதல் கேள்வி, பெல்ட் மட்டும் போதுமா, பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரோடு சேர்ந்த கிட் வேண்டுமா என்பது. பெல்ட் மட்டும் வாங்கினால் காசு மிச்சம்தான். ஆனால் கவர், புல்லி என்று கழற்றும் வேலை இரண்டுக்கும் ஒன்றே. டென்ஷனர் என்பது கிரீஸ் அடைத்து மூடிய ஒரு பேரிங். பழைய பெல்ட் ஓடிய அத்தனை கிலோமீட்டரும் அதுவும் ஓடியிருக்கிறது. அது இறுகிவிட்டால் புதுப் பெல்ட் சூடாகித் தேய்ந்து அறுந்துவிடும். ஆட்டம் கொடுத்தால் பெல்ட் தளர்ந்து சக்கரத்தில் பல் தாவும்.

கழற்றிய டென்ஷனரைக் கையில் வைத்து விரலால் சுழற்றிப் பாருங்கள். விர்ரென்று நெடுநேரம் சுற்றினால் நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். நேர்மாறு. உள்ளே கிரீஸ் இருக்கிற பேரிங் சற்று மந்தமாக, சத்தமில்லாமல் சுற்றி நின்றுவிடும். லேசாகச் சுற்றி, காய்ந்த சரசரப்பு கேட்டால் கிரீஸ் போய்விட்டது. ஆகவே பெல்ட் மட்டும் என்ற தேர்வை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை. அதே நேரத்தில் கேம் சீலும் கிராங்க் சீலும் (தண்டைச் சுற்றி எண்ணெயைத் தடுக்கும் வளையங்கள்) எண்ணெய் கசிந்தால் மாற்றிவிடுங்கள். எண்ணெய் பட்ட பெல்ட் சீக்கிரம் கெட்டுப்போகும்.

வாட்டர் பம்ப்பும் சேர்ந்த பெரிய கிட் எல்லாருக்கும் தேவையில்லை. சிட்டி கோல்ஃபிலும் அந்தக் கொரோலாவிலும் பம்ப்பைச் சுற்றுவது வெளியே இருக்கும் வி-பெல்ட். பம்ப் ஒழுகவில்லை, ஆட்டம் இல்லை என்றால் அப்படியே விடலாம். விவோ 1.4-இல் பம்ப்பைச் சுற்றுவதே டைமிங் பெல்ட்டின் பற்கள்தான். பம்ப் இறுகினாலும் ஒழுகினாலும் அடி விழுவது பெல்ட்டுக்கு. அங்கே பம்ப்பை மிச்சம் பிடிப்பது இரட்டைச் செலவு.

சரி, வீட்டிலா, மெக்கானிக்கிடமா? இது கையில் எவ்வளவு திறமை இருக்கிறது என்பதைவிட, தப்பு நடந்தால் எந்த இன்ஜின் மன்னிக்கும் என்பதைப் பொறுத்தது.

மூன்றில் அதிகம் மன்னிப்பது கொரோலா. 4ஏ-எஃப்இ இன்ஜினில் வான் ரீனன் கணவாய் ஏற்றத்தில் பெல்ட் அறுந்தாலும் வண்டி நின்றுபோகும், அவ்வளவுதான். வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்வதில்லை. டென்ஷனரையும் ஒரு ஸ்பிரிங்கே இழுத்துக்கொள்ளும். போல்ட்டைத் தளர்த்தி, ஸ்பிரிங் வேலை செய்ய விட்டு, இறுக்க வேண்டியதுதான். முதன்முதலில் கை வைக்கிறவர்களுக்கு இதைவிடத் தோதான இன்ஜின் கிடைக்காது. இந்த வண்டிகள் கட்டப்பட்ட பிராஸ்பெக்டன் ஆலையும் இசிப்பிங்கோவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

கார்புரேட்டர் வைத்த சிட்டி கோல்ஃப் இரண்டாவது. 1984 முதல் 2009 வரை யூட்டன்ஹேகில் தயாரான வண்டி, அந்த ஊருக்கு இப்போது கரியேகா என்று பெயர். இதில் பெல்ட் இழுவையைக் கைதான் தீர்மானிக்கிறது. கேம் சக்கரத்துக்கும் இடைத்தண்டுச் சக்கரத்துக்கும் நடுவே பெல்ட்டைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்துத் திருகினால், சரியாக 90 டிகிரி திரும்ப வேண்டும். அதற்கு மேல் திரும்பினால் தளர்வு, அந்த அளவு திரும்பாவிட்டால் அதிக இறுக்கம், அது ஊளையிடும். இங்கே பலர் கோட்டை விடுவது அந்த இடைத்தண்டில்தான். ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிப்யூட்டரைச் சுற்றுவது அது. கேமையும் கிராங்கையும் அழகாகச் சேர்த்துவிட்டு இதை மறந்தால், ஸ்பார்க் நேரம் தவறி வண்டி கிளம்பாது. கழற்றுவதற்கு முன் மூன்று சக்கரத்திலும் வெள்ளை பெயின்ட் புள்ளி வைத்தால் போதும்.

விவோ 1.4-க்குப் பெயின்ட் புள்ளி போதாது. 16 வால்வு, இரண்டு கேம், இரண்டு பெல்ட். பெரிய பெல்ட் ஒரு கேமைச் சுற்ற, சின்னப் பெல்ட் அதிலிருந்து மற்றொன்றைச் சுற்றும். பெல்ட்டைக் கழற்றியதும் வால்வு ஸ்பிரிங் தள்ளி கேம் தானாக நகரப் பார்க்கும். அதனால் இரண்டு சக்கரங்களின் துளை வழியாகவும் பூட்டுக் கருவி போட்டு நிறுத்த வேண்டும். இன்ஜின் மவுன்ட்டையும் கழற்ற வேண்டும், அதற்கு ஆயில் சம்ப்புக்கு அடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கால் தாங்க வேண்டும். கிராங்க் போல்ட்டும் இறுக்கும்போது இழுபட்டு நீளும் ரகம், கழற்றினால் புதிதுதான் போட வேண்டும். இதில் பல் தவறினால் வால்வு வளையும். பூட்டுக் கருவி செட் இரவல் கிடைத்து, பக்கத்தில் இந்த வேலை செய்து பழகிய ஓர் அண்ணன் நின்றால் செய்யுங்கள். இல்லையென்றால் மெக்கானிக்கிடம் விடுவதே லாபம்.

டீலரிடம்தான் போக வேண்டும் என்ற பயமும் வேண்டாம். 2021 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள தென்னாப்பிரிக்கப் போட்டி ஆணையத்தின் வழிகாட்டுதல்படி, வாரன்டி காலத்திலும் வெளி ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கலாம். ஒர்க்‌ஷாப்பில் ஒன்றை மட்டும் முன்பே கேளுங்கள். நீங்கள் வாங்கி வரும் கிட்டுக்கு அவர்கள் பொறுப்பேற்பார்களா என்று. பலர் தாங்களே வாங்கிய பாகத்துக்குத்தான் உத்தரவாதம் தருவார்கள்.

வீட்டில் செய்கிறவர்களுக்கு, எந்த வண்டியானாலும், ஸ்டார்ட்டர் சாவியைத் தொடும் முன் ஸ்பேனரால் கிராங்கை அது வழக்கமாகச் சுற்றும் திசையில் இரண்டு முழுச் சுற்று கையால் சுற்றுங்கள். கிராங்க் இரண்டு சுற்றினால் கேம் ஒரு சுற்று, அப்போதுதான் குறிகள் மறுபடி சேரும். நடுவில் எங்காவது கெட்டியாகத் தட்டினால் பலம் கொடுக்காதீர்கள். அங்கேயே நிறுத்தி, பெல்ட்டைக் கழற்றி, முதலிலிருந்து குறி பாருங்கள்.