சாலை கடக்கும் ஆமை, பாம்பு, தேரைகளைக் காக்க: சாலையை மூடுவதா, வேலி போடுவதா, வாளியில் தூக்குவதா?

அமெரிக்காவின் டல்லஹாசி நகருக்கு வடக்கே, ஜாக்சன் ஏரியின் ஒரு மூலையை நான்கு வழிச்சாலை வெட்டிச் செல்கிறது. 1999-இல் ஏரி வற்றியபோது, மறுபுறம் நீர் எஞ்சியிருந்த சிறு ஏரியை நோக்கி ஆமைகள் சாலையைக் கடக்கத் தொடங்கின. வண்டி நெருங்கினால் ஓடாமல் ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொள்வதுதான் ஆமையின் தற்காப்பு. சாலையில் அதுவே அதற்கு எமன். கிலோமீட்டருக்கு நாளொன்றுக்கு 11.9 ஆமைகள் நசுங்கிச் செத்தன. தற்காலிக வேலி கட்டி, சாலைக்கடியில் ஏற்கெனவே இருந்த வடிகால் குழாயின் பக்கம் அவற்றைத் திருப்பிவிட்டதும் இந்த எண்ணிக்கை 0.09 ஆகக் குறைந்தது. நிரந்தரச் சுவரும் சாலைக்கடியில் கூடுதல் குழாய்ப் பாதைகளும் 2010-இல்தான் வந்தன.

ஆனால் வேலி என்றாலே தீர்வு என்று எண்ணிவிடக் கூடாது. கனடாவில் ஈரி ஏரிக்கரைச் சதுப்பை ஊடறுக்கும் லாங் பாயின்ட் சாலை வெறும் மூன்றரை கிலோமீட்டர் நீளந்தான். அங்கே 1979, 1980, 1992, 1993 ஆகிய நான்கு ஆண்டுகளில் மட்டும் 32,000-க்கு மேற்பட்ட உயிரினங்களின் சடலங்கள் எண்ணப்பட்டன, அவற்றில் பெரும்பாலானவை தவளைகள். பின்னர் வேலி முழுமையாக அமைந்த பகுதிகளில் சாலைக்கு வந்த ஆமைகள் 89 விழுக்காடு குறைந்தன. பாம்புகளோ 28 விழுக்காடு மட்டுமே. இடைவெளி விட்டுப் போட்ட வேலியால் பலனில்லை. ஆமையை நிறுத்தும் வேலியில் பாம்பு சந்து கண்டுபிடித்துவிடும். அறுந்த கம்பியை யாராவது ஆண்டுதோறும் தைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இல்லினாய் மாநிலத்தின் ஷானி தேசிய வனத்தில் வேறு வழியைக் கையாள்கிறார்கள். லாரூ சதுப்புக்கும் சுண்ணாம்புக்கல் குன்றுக்கும் நடுவே போகும் சுமார் நான்கு கிலோமீட்டர் சாலையை, பாம்புகள் இடம்பெயரும் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும், 1972 முதல் ஆண்டுக்கு இருமுறை வாகனங்களுக்கு மூடிவிடுகிறார்கள். நடந்து போகத் தடையில்லை. செலவு, பராமரிப்பு, வேலிச்சந்து எதுவும் கிடையாது. என் கணக்கில் மூன்றிலும் இதுவே சிறந்தது. ஆனால் மாற்றுப் பாதை உள்ள, போக்குவரத்துக் குறைந்த சாலைக்குத்தான் இது பொருந்தும். டல்லஹாசி நெடுஞ்சாலையை யாரும் இப்படிப் பூட்டப்போவதில்லை.

பிரிட்டனில் மழை பெய்யும் வசந்தகால இரவுகளில் தன்னார்வலர்கள் டார்ச் விளக்கும் வாளியுமாக நின்று, குளத்துக்குப் போகும் தேரைகளைப் பொறுக்கி மறுபுறம் விடுகிறார்கள். இதை நான் குறைத்துச் சொல்லவில்லை. வேலிக்குப் பணம் கிடைக்கும்வரை ஓர் இனக்கூட்டத்தைத் தாங்கிப்பிடிக்க இது போதும். எனினும், முட்டையிட ஆண்டுக்கு ஒருமுறை கூட்டமாக வரும் தேரைக்குத்தான் வாளி சரி. கோடையில் பல நாட்களில் தனித்தனியாகச் சாலையோரச் சரளையில் குழி தோண்ட வரும் பெண் ஆமைக்கு யார் காவல் நிற்பது? கனடா போன்ற குளிர்ப்பகுதிகளில் பருவமடையவே பதினைந்து ஆண்டுக்கு மேல் எடுக்கும் ஸ்னாப்பிங் (கடிக்கும்) ஆமையில் ஒரு தாயை இழந்தால், அவ்விடத்தை நிரப்ப அத்தனை ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். வாளிக்காரர்கள் வீடு திரும்பிய பின், விரல் நக அளவுள்ள தேரைக் குஞ்சுகள் குளத்திலிருந்து வெளியேறும்போதும் அதே சாலைதான் குறுக்கே கிடக்கிறது.