பாம்பன் காற்றுக்கு எந்தக் கதவு: ஸ்டீலா, ஃபைபரா?

தலைவாசலுக்கு மரக்கதவுதான் என்ற பிடிவாதம் ராமநாதபுரம் கடற்கரையிலும் தளர்ந்துவிட்டது. தேக்கு விலை ஒரு பக்கம், கரையான் ஒரு பக்கம், மழைக்காலத்தில் உப்பிப்போய் நிலையோடு இறுகிக்கொள்ளும் தொல்லை இன்னொரு பக்கம். புதுவீடு கட்டுகிறவர்கள் இப்போது கேட்பது ஸ்டீல் கதவா, ஃபைபர் கதவா என்றுதான். கடையில் ஸ்டீலைத் தட்டிக் காட்டுவார்கள், ஃபைபர்மேல் தண்ணீர் ஊற்றிக் காட்டுவார்கள். உப்புக்காற்றைக் கடைக்குள் கொண்டுவந்து காட்ட வழியில்லை. அதைப் பற்றித்தான் இந்த அலசல்.

முதலில் வீடு எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பரமக்குடியிலோ முதுகுளத்தூரிலோ கட்டுகிறவர்கள் இவ்வளவு யோசிக்கத் தேவையில்லை; நல்ல ஸ்டீல் கதவாக வாங்கி மாட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். அலை உடையும் இடத்தில் தெறிக்கும் நீர்த்துளிதான் காற்றில் உப்பாக ஏறி வருகிறது. கரையை ஒட்டிய முதல் சில நூறு மீட்டரில் அது மிக அதிகம். உள்ளே போகப் போக வேகமாகக் குறைந்துவிடும். ஆகவே பாம்பன், மண்டபம், கீழக்கரை, ஏர்வாடி என்று கடலைப் பார்த்த தெருக்களுக்கு ஒரு கணக்கு, ராமநாதபுரம் டவுனுக்கு வேறு கணக்கு. பாம்பன் தீவுக்குள்ளேயே தென்கடல் பக்கமும் வடகடல் பக்கமும் ஒன்றல்ல. ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்று அடிக்கும்போது தென்கடலைப் பார்த்த வாசல்தான் உப்பை வாங்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை எழும்பினால் முறை மாறும்.

இந்தக் காற்றை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் உலோக அரிப்பை ஆராய்வதற்கென்றே மண்டபத்தில் ஒரு நிலையம் வைத்திருக்கிறது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்துக்குத் துருப்பிடிக்காத கம்பியும் பாலிசிலாக்சேன் என்ற அரிப்புத் தடுப்புப் பூச்சும் போட்டார்கள். நம் வீட்டு ஸ்டீல் கதவுக்குக் கிடைப்பதோ மெல்லிய பவுடர் கோட்டிங்.

ஸ்டீல் கதவு என்று பெயரே தவிர அது முழு இரும்பு அல்ல. முன்னும் பின்னும் ஏறக்குறைய 0.6 முதல் 1 மி.மீ. வரையிலான ஜிஐ தகடு (துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு), நடுவில் தேன்கூடு அட்டையோ பியூ (பாலியூரிதேன்) ஃபோமோ ராக்வுல் என்ற கல்லிழைப் பஞ்சோ, மேலே தேக்கு மாதிரி வரி அச்சிட்ட பூச்சு. தகட்டைக் காப்பது அதன்மேல் இருக்கும் துத்தநாகம். 120 ஜிஎஸ்எம் என்று சொல்லி விற்கும் தகட்டில் ஒரு சதுர மீட்டருக்கு இரண்டு பக்கமும் சேர்த்து 120 கிராம் துத்தநாகம் இருக்கும்; ஒரு பக்கத்துக்குச் சுமார் 8 மைக்ரான்தான். 275 ஜிஎஸ்எம் என்றால் 19 மைக்ரான் வரை வரும். கடற்கரைத் தெருவில் ஸ்டீல்தான் வேண்டும் என்று நினைப்பவர், பூட்டு எத்தனை பாயிண்ட், அதாவது எத்தனை இடத்தில் பூட்டும் என்று கேட்பதற்கு முன்னால் இந்த எண்ணைக் கேட்க வேண்டும்.

துரு நடுப்பலகையில் ஆரம்பிக்காது. தாழ்ப்பாளுக்கு வெட்டிய ஓட்டை, லென்ஸ் வைத்த துளை, பெயர்ப்பலகை மாட்ட அப்புறம் போட்ட ஸ்க்ரூ, எல்லாவற்றுக்கும் மேலாகத் தகடு மடிந்து முடியும் கீழ் விளிம்பு, இவைதான் அதற்கு வாசல். ஓட்டையைச் சுற்றி முதலில் பெயின்ட் கொப்புளம் விடும். நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே வெள்ளை மாவு இருந்தால் துத்தநாகம் கரைந்துகொண்டிருக்கிறது. அந்த மாவு பழுப்பாகிவிட்டால் இரும்பு போக ஆரம்பித்துவிட்டது. தினமும் வாசல் தெளித்துக் கோலம் போடும் வீட்டில் கீழ் இரண்டு அங்குலம் தினமும் நனையும். தெளிப்பது போர் தண்ணீர் என்றால் அதுவும் உப்பு.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. போர்ட்டிகோ நிழலில் இருக்கும் கதவு தப்பித்துவிடும் என்று நினைப்போம். மழையும் வெயிலும் படாத இடத்தில் உப்பு கழுவப்படாமல் படிந்துகொண்டே போகும். இரவு ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு தகட்டை அரிக்கும். வெளியே நின்று மழையில் நனையும் கேட்டைவிட நிழலில் நிற்கும் கதவு சில இடங்களில் சீக்கிரம் துருப்பிடிப்பது இதனால்தான். மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் துடைத்துவிட்டால் பாதி வியாதி தீரும். நல்ல தண்ணீரைக் குடம் கணக்கில் வாங்கும் ஊரில் கதவுக்கு யார் ஊற்றுவது என்பது நியாயமான கேள்விதான். ஈரத்துணி போதும், கீழ் விளிம்பையும் சேர்த்துத் துடைத்தால்.

ஃபைபருக்கு இந்த வியாதியே கிடையாது. கண்ணாடி இழையும் ரெசின் என்ற பிசினும் சேர்ந்த பொருள். உப்பு அதை ஒன்றும் செய்யாது, கரையானும் தொடாது. இதற்கு நம் கரையில் ஆதாரம் தேட வேண்டியதில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு பெருகிய ஃபைபர் படகுகள் வருடக்கணக்காகக் கடலிலேயே கிடக்கின்றன. எனக்கு ஃபைபர்மேல் சாய்வு வரக் காரணமும் அந்தப் படகுகள்தான். கதவு விரிசல் விட்டால் படகுக்கு ஒட்டுப்போடும் ஆளே வந்து, விரிசலைத் தேய்த்துவிட்டு, கண்ணாடி இழை மேட் வைத்து ரெசின் அடித்து, மேலே ஜெல்கோட் என்ற பளபளப்பான மேல்பூச்சைப் பூசிவிட்டுப் போவார். கொஞ்சம் நிறம் வேறுபடும், அவ்வளவுதான். மடிப்புக்குள் துருவேறிய மெல்லிய தகட்டை அப்படி யாரும் மீட்டுத் தர முடியாது. வெல்டிங் வைத்தால் ஓட்டை பெரிதாகும், சுற்றியிருக்கும் துத்தநாகமும் எரிந்துபோகும்.

ஆனால் படகின் கனத்தைக் கதவில் எதிர்பார்க்கக் கூடாது. ஃபைபர் கதவு என்று கேட்டால் ஹார்டுவேர் கடையில் முதலில் எடுத்துக் காட்டுவது பாத்ரூம் கதவு. ஐஎஸ் 14856 என்ற இந்தியத் தரநிலையின் தலைப்பிலேயே அது உட்புறப் பயன்பாட்டுக்கான கதவு என்று இருக்கிறது. அந்த முத்திரையைக் காட்டி தலைவாசலுக்கு விற்றால் வாங்காதீர்கள். வெளிவாசலுக்கு இரண்டு பக்கமும் கனமான ஃபைபர் தோல், உள்ளே ஃபோம், பூட்டும் கீலும் வரும் இடத்தில் கெட்டிக் கட்டை என்று ஆர்டர் கொடுத்துச் செய்ய வேண்டும். கட்டை இல்லாத இடத்தில் ஸ்க்ரூ பிடிக்காது. ஆறு மாதத்தில் கீல் ஆடும். உள்ளே மரச்சட்டம் வைத்திருந்தால் அடிப்பக்கத்தை ரெசினால் அடைத்திருக்கிறார்களா என்று கதவைக் கவிழ்த்துப் பாருங்கள். திறந்திருந்தால் மரம் தண்ணீர் குடித்து, வெளியே நன்றாகத் தெரியும் கதவு உள்ளே அழுகும்.

வெயில்தான் ஃபைபரின் எதிரி. நேர் வெயில் படும் கதவில் சில வருடத்தில் பளபளப்பு போய், கையை வைத்தால் வெள்ளைப்பொடி ஒட்டும். தேய்த்து பியூ பெயின்ட் அடித்தால் சரியாகிவிடும். நெருப்பு விஷயத்தில் ஸ்டீல் மேல். சாதாரண ரெசின் பற்றிக்கொண்டால் கரும்புகையோடு எரியும். சமையலறையிலிருந்து கொல்லைக்குப் போகும் கதவு என்றால் தீத்தடுப்பு ரெசின் கேட்டு வாங்குங்கள். சூடு பற்றி ரொம்பப் பேசுவார்கள்; உள்ளே ஃபோம் இருந்தால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

திருட்டு பயம்தான் பலரை ஸ்டீல் பக்கம் தள்ளுகிறது. அது நியாயமும்கூட, ஓங்கி அடித்தால் ஸ்டீல் நசுங்கும், ஃபைபர் உடையும். ஆனாலும் கதவை உடைப்பவன் தகட்டைக் கிழிப்பதில்லை, பூட்டும் நிலையும் சேரும் இடத்தைத்தான் நெம்புவான். இன்னொன்று, பத்துப் பக்கமும் கம்பி நீளும் மல்டிலாக் இந்தக் காற்றில் பத்து இடத்தில் இறுகும். கெட்டியான ஒரு பூட்டும் ஒரு பித்தளைத் தாழ்ப்பாளும் நம் ஊருக்குப் போதும். முன்னால் ஒரு கிரில் கதவு போடுங்கள். கனமான கம்பி துருப்பிடித்தாலும் சுரண்டி வருடா வருடம் பெயின்ட் அடித்துக் காப்பாற்றலாம்.

அப்புறம் நிலை. ஸ்டீல் கதவு பெரும்பாலும் தன் ஸ்டீல் நிலையோடு செட்டாகத்தான் வரும். நாள் பார்த்து, மஞ்சள் குங்குமம் வைத்து மரநிலை நிறுத்தியாகிவிட்ட வீட்டில் அதைப் பிடுங்கிவிட்டு இதை வைக்க வீட்டுப் பெரியவர்கள் சம்மதிப்பார்களா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். உப்புத்தண்ணீரில் கலந்த கலவைக்குள் ஸ்டீல் நிலையைப் புதைத்தால் அது சுவருக்குள்ளிருந்தே அரிக்கும். ஃபைபர் கதவை இருக்கிற மரநிலையிலேயே மாட்டிக்கொள்ளலாம்.

விலையில் பாத்ரூம் ஃபைபர் எல்லாவற்றையும்விட மலிவு. வெளிவாசலுக்கென்று செய்த ஃபைபர், சாதாரண ஸ்டீலைவிடக் கூடுதலாகத்தான் வரும். கடலிலிருந்து ஒன்றிரண்டு தெருவுக்குள் என்றால் அந்தக் கூடுதலைக் கொடுத்து முன்னும் பின்னும் ஃபைபரே போடச் சொல்வேன். டவுனில், உச்சிப்புளியின் உள்பக்கத்தில் என்றால் 275 ஜிஎஸ்எம் ஸ்டீல். எது வாங்கினாலும் கீலும் ஸ்க்ரூவும் 316 கிரேடு எஸ்எஸ் (துருப்பிடிக்காத ஸ்டீல்) என்று பில்லில் எழுதி வாங்குங்கள். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் 304 கிரேடு, கடல் பக்கம் பழுப்புப் புள்ளி விடும்.